தெருவுக்குள் முப்பத்தெட்டு சென்டிமீட்டர்

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டியுள்ள சகாயபுரம் இரண்டாவது தெருவில், ஏழாம் எண் வீட்டின் மதில் சுவர் மனை எல்லையைத் தாண்டித் தெருவுக்குள் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் வந்திருந்தது. அளந்து பார்த்தவர் அந்த வீட்டின் சொந்தக்காரர் தானியேல்.

ஒருமுறை அளந்துவிட்டு நம்புகிற ஆள் இல்லை அவர். கொல்லையில் இருந்த சர்வே கல்லில் டேப்பின் முனையை மாட்டி, பக்கச் சந்து வழியாக இழுத்துவந்து, தெருப்பக்க மதிலின் வெளிமுகத்தில் வைத்துப் பார்த்தார். ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தேழு. மூன்று முறை இழுத்தார். மூன்று முறையும் அதே ஐம்பத்தேழு. பத்திரத்தில் எழுதியிருந்தது நாற்பது அடி. நாற்பது அடிக்கு ஆயிரத்து இருநூற்றுப் பத்தொன்பது சென்டிமீட்டர்தான் வர வேண்டும்.

தானியேல் மதிலில் சாய்ந்து நின்றார். பிறகு, அது தெருவில் இருக்கிற சுவர் என்பது நினைவுக்கு வந்து, சாய்வதை நிறுத்திக்கொண்டார்.

சிப்காட்டில் குழாய்களுக்கு வளையம் கடையும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக அவருக்குத் தரம் பார்க்கிற வேலை. சரியான வளையத்துக்குப் பச்சை ஸ்டிக்கர், தவறானதற்குச் சிவப்பு ஸ்டிக்கர். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் சிவப்பைப் பச்சையாக்க மாட்டார். அந்தக் கண்ணை அவரால் கம்பெனி வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடிவதில்லை. மனைவி ஆரோக்கியமேரி ஆசையாக வாங்கிவந்த பித்தளைக் குடத்தின் வாயைத் தடவிப் பார்த்து, வட்டம் மூன்று மில்லிமீட்டர் கோணல் என்று சொல்லி, அவள் கோபத்தில் இரண்டு நாள் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காமல் கிடந்தவர்.

"இன்னாய்யா, சொவரையே மொறைச்சிக்கினு நிக்கிற?" என்றாள் ஆரோக்கியமேரி, கேட் அருகில் வந்து.

"நம்ம மதிலு ரோட்ல கீது மேரி."

"மதிலு ரோட்டாண்டதான் இருக்கும். பின்ன கெணத்தாண்டயா இருக்கும்?"

"ரோட்டாண்ட இல்ல. ரோட்ல. முப்பத்தெட்டு சென்டிமீட்டர்."

அவள் சுவரைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். "அத்த இன்னிக்கு எதுக்கு அளந்த?" என்று மட்டும் கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் மணவாள நகரில் இருந்தது.

தானியேலின் மகன் ஸ்டீவனுக்கு மணவாள நகர் ஏஞ்சலினைப் பேசி முடித்திருந்தார்கள். ஏஞ்சலின் காக்களூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிற பெண். வீட்டைப் பார்க்க வந்த அன்று ஒரே ஒரு கூடம், ஒரே ஒரு படுக்கை அறை, அதில் நான்கு பேர் என்று கணக்கெடுத்துவிட்டு, "மேல ஒரு ரூம்பு கட்டிக்கலாமே மாமா, உள்பக்கம் தாப்பா வெச்சு" என்றாள். எல்லோரும் சரி என்றார்கள். அவள் அப்பா அந்தோணி மட்டும் கையை உயர்த்தினார்.

"ரூம்பு கட்டுங்க சம்பந்தி. ஆனா பர்மிசன் பேப்பரு கைல வந்தப்புறந்தான் நான் ஓலை குடுப்பேன்."

ஓலை என்றால், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பது. பெண்ணின் பங்குக் கோயிலிலிருந்து கடிதம் வராமல் அதை வாசிக்க முடியாது. அந்தோணியின் பிடிவாதத்துக்கும் காரணம் இருந்தது. அவர் ஐந்து வருடத்துக்கு முன் அனுமதி வாங்காமல் மாடியில் ஓர் அறை போட்டார். மூத்த மகளின் நிச்சயதார்த்தத்தன்று காலையில் வந்து அதிகாரிகள் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, ஆர்.கே.பேட்டைக்காரர், அதை வாழ்த்து மடல் என்று நினைத்து மைக்கில் வாசிக்கத் தொடங்கி, "இடித்து அகற்றப்படும்" என்கிற இடத்தில்தான் நிறுத்தினார். பிரியாணிப் பந்தியில் இருநூறு பேர். அந்தோணி அதை இன்னும் செரிக்கவில்லை.

ஈஸ்டர் ஏப்ரல் இருபது. அதற்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. மே பதினான்கில் கல்யாணம் வைக்க வேண்டுமானால் ஏப்ரல் இருபத்தேழில் முதல் ஓலை. அதற்குள் பேப்பர். பேப்பர் இல்லையென்றால் கல்யாணம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஸ்டீவன் வீட்டுக் காலண்டரில் இருபத்தேழைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தான். அந்த வட்டம் சரியான வட்டமில்லை என்று தானியேல் சொல்லவில்லை. அவருக்கும் மகன் என்றால் பாசம் உண்டு.

பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து வீட்டு வரைபடமும் போட்டுத் தருகிற லோகுவிடம் அவர் அன்று மதியமே போனார். சின்ன வீடுகளுக்கு இப்போது சுலபம், ஆன்லைனில் சுயசான்று கொடுத்தால் போதும் என்று அவன்தான் முதலில் சொல்லியிருந்தான்.

லோகு விஷயத்தைக் கேட்டுவிட்டு மவுசிலிருந்து கையை எடுத்தான்.

"அண்ணே, பத்தரத்துல நாப்பது அடி. படத்துல நாப்பது அடின்னு போட்டுடறேன். சீக்கிரமே பேப்பரு கைல. நீ ஏன் போய் மதில அளந்த?"

"கையெழுத்து நான்தானே போடணும்? அளக்காம எப்படிப் போடறது?"

"சுயசான்றுன்னா இன்னாண்ணே அர்த்தம்? நமக்கு நாமளே சர்ட்டிபிகேட் குடுத்துக்கறது. எவனாச்சும் தனக்குத்தானே பெயில் போட்டுக்குவானா?"

"அப்பிடிப் பாத்தா நான் போட்டுக்குவேன்."

"ஐயோ." லோகு நாற்காலியோடு சுழன்று வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்தான். "ரேசன் கார்டுக்கு வந்தவங்கல்லாம் நாளைக்கு வாங்க. இங்க ஒருத்தரு சொந்த ஊட்ட காட்டிக் குடுத்துக்கினு கீறாரு."

முக்கால் மணி நேரம் பேசிப் பார்த்தான். கடைசியில் வரைபடத்தில் தெருப்பக்கம் ஒரு சிவப்புக் கோடு போட்டு, "தெருவில் 38 செ.மீ." என்று எழுதினான். எழுதும்போது தன் சொந்த வீட்டைப் பற்றி எழுதுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். பட்டனைத் தட்டியதும், உடனே கிடைக்க வேண்டிய அனுமதி கிடைக்கவில்லை. கள ஆய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று வந்தது.

தானியேலை உறுத்தியது சிவப்புக் கோடு அல்ல, அந்த எண். முப்பத்தெட்டு. அதை அவர் எங்கோ பார்த்திருந்தார். இரண்டாம் ஷிப்டில், வளையம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது சட்டென்று விளங்கியது. டீ நேரத்தில் வெளியே வந்து கொத்தனார் அன்புசெல்வனுக்குப் போன் போட்டார்.

2004இல் இந்தத் தெருவில் முதலில் வீடு கட்டியவர் தானியேல்தான். மண் லாரி ஏறி மனையின் முன்பக்கத்து எல்லைக் கல் பெயர்ந்து போயிருந்தது. ஆகவே பின்கல்லிலிருந்து நாற்பது அடி அளந்துதான் மதிலுக்கு நூல் கட்ட வேண்டும். அளக்க அவர் கொண்டுபோனது கம்பெனியில் கழித்துப் போட்ட டேப். முனையில் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் அறுந்து போனது.

"அன்பு, நம்ம ஊட்டு மதிலுக்கு நூல் கட்டுனியே, ஞாபகம் கீதா?"

"இன்னாண்ணே, வெடிப்பு உட்டுச்சா?"

"உடல. அன்னிக்கு நான் ஆயிரத்து இருநூத்தி அம்பத்தேழுன்னு சொல்ட்டு ஷிப்டுக்குப் போனேன். நீ டேப்புல எத்தினில நிறுத்துன?"

"அந்தக் கொறை டேப்புதானே? முப்பத்தெட்டு கூட்டித்தான் நிறுத்துனேன். நீதானே காலைல படிச்சுப் படிச்சு சொன்ன, முன்னால முப்பத்தெட்டு இல்ல, மறந்துடாத மறந்துடாதன்னு."

"நான்தான் கூட்டிட்டேனேப்பா! நாப்பது அடிக்கு ஆயிரத்து இருநூத்திப் பத்தொம்போது. கொறை முப்பத்தெட்டு கூட்டித்தான் அம்பத்தேழு சொன்னேன்!"

"கூட்டிட்டேன்னு சொன்னியா?"

தானியேல் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"சொல்லல."

"அப்பறம்? நான் மறக்கல பாத்தியா," என்றார் அன்புசெல்வன் பெருமையாக.

இப்படியாகத் தவறு செய்தவர் என்று யாரும் இல்லை. இரண்டு பேருமே மிகவும் கவனமாக இருந்திருந்தார்கள். யாராவது ஒருவர் கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால் சுவர் சரியான இடத்தில் நின்றிருக்கும்.

இதோடு முடிந்திருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவருக்குப் பின் அந்த வரிசையில் பதினொரு வீடுகள் வந்திருந்தன. பதினொரு வீட்டுக்காரர்களும் தங்கள் கொத்தனாரிடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்கள்: தானியேல் அளவு தப்பாது, அவர் மதிலிலிருந்து நூல் பிடி.

செய்தி லோகுவின் கடையிலிருந்து தெருவுக்கு வர ஒரு நாள் ஆனது. மறுநாள் காலை எட்டாம் எண் வீட்டு வாசலில், குப்பம்மாளின் நாஷ்டா கடை முன்னால் தெருவே கூடியிருந்தது. குப்பம்மாளின் இட்லிக் கொப்பரை, மாவு அண்டா, கல்லாப் பெட்டி எல்லாம் அவள் வீட்டு மதிலை ஒட்டிய மேடைமேல்தான் பதினைந்து வருடமாக இருக்கின்றன.

"வா தானியேலு," என்றாள் அவள், கரண்டியை நீட்டி. "உன் ஊட்டு மேல ரூம்பு கட்டணும்னா கட்டிக்க. என் இட்லிக் கொப்பரைய எதுக்கு ரோட்ல வெச்ச?"

"நான் வெக்கலக்கா. அது பதினஞ்சு வருசமா ரோட்லதான் கீது."

"நேத்து வரிக்கும் இல்லியே!"

"நேத்து வரிக்கும் தெரியலக்கா."

"தெரியாத வரிக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? நல்லா கொதிக்கிற எண்ணெய்ல கைய உட்டுப் பாத்த மாதிரி, இவுரு போய் அளந்து பாத்தாராம்."

பத்தாம் எண் ஜோஷ்வா, தொழிற்சாலைகளில் பெரிய மிஷின்களை இடம் மாற்றுகிற வேலை செய்பவன், சைக்கிள் செயினை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டான்: "அண்ணே, அப்ப நம்ம தெரு கோணலா கீதா?"

"கோணல் இல்ல ஜோஷ்வா. நேராதான் கீது." தானியேலுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நேரா தப்பா கீது."

"உன்ன நம்பி நூல் புட்சோம் பாரு," என்றது ஒரு குரல். "கண்ண மூடிக்கினு கட்டியிருந்தாகூட பாதி பேராச்சும் சரியா கட்டியிருப்போம்," என்றது இன்னொன்று. அன்றிலிருந்து குப்பம்மாள் அவருக்கு இட்லி கொடுக்கும்போது எண்ணிக் கொடுத்தாள். "சரியா கீதா, அளந்து பாத்துக்க."

ஆரோக்கியமேரியின் கவலை வேறு. அவர்கள் மதிலின் வலது ஓரத்தில், கேட்டை ஒட்டி, நீல நிறத்தில் ஒரு மாதா கெபி இருந்தது. ஆள் உயரம், உள்ளே வேளாங்கண்ணி மாதா சுரூபம், கண்ணாடிக் கதவு, சீரியல் பல்பு. மகள் ஜெனிபர் பிறந்தபோது நேர்ந்துகொண்டு கட்டியது. சாமியார் வந்து மந்திரித்தது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் அந்த இடத்தில் வண்டியை மெதுவாக்கி நெற்றியைத் தொட்டுக்கொள்வார்கள். குப்பம்மாளே வெள்ளிக்கிழமை ஒரு முழம் பூ வைப்பாள்.

"மதில இடி, கேட்ட பேத்துக்க, நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் ஆரோக்கியமேரி. "மாதாவுக்கு செவப்பு ஸ்டிக்கர் ஒட்டுன, அன்னிக்கு இருக்குது உனுக்கு."

பிப்ரவரி போயிற்று. மார்ச் போயிற்று. அதிகாரி வரவில்லை. ஸ்டீவன் தினமும் காலண்டர் முன்னால் நின்று சட்டைப் பொத்தான் போட்டான். ஏஞ்சலின் போனில் "வந்தாங்களா?" என்று கேட்பாள், அவன் "வருவாங்க" என்பான், அவர்கள் காதல் பேச்சு அந்த அளவில் சுருங்கிப் போயிருந்தது.

ஏப்ரல் 9ஆம் தேதி, புதன்கிழமை, ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் ஸ்ரீராமன். திருவள்ளூர் டவுனில் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்து இன்ஜினியரிங் படித்து அரசு வேலைக்கு வந்தவர். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், தோளில் லேப்டாப் பை, கையில் ஒரு டேப். தெரு முழுவதும் அவரவர் கேட்டுக்குப் பின்னால் நின்று, அவரைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் டேப்பை இழுத்துப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வர்றது."

"முப்பத்தெட்டு சார்," என்றார் தானியேல்.

"மிஸ்டர் தானியேல், ரோட்ல வந்த அளவைக் குறைச்சுச் சொல்றவாளைத்தான் இதுவரைக்கும் பார்த்திருக்கேன்."

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க டேப்பு கேலிப்ரேஷன் பண்ணி எத்தினி வருசம் ஆவுது?"

ஸ்ரீராமன் தன் டேப்பை முதல்முறையாக உற்றுப் பார்த்தார். நடுவில் இரண்டு இடத்தில் அது இழுபட்டு நீண்டிருந்தது. தானியேல் தன் சட்டைப் பையிலிருந்து சான்றிதழோடு ஒரு டேப்பை எடுத்து நீட்டினார். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். முப்பத்தெட்டு.

"சார், இதுல டாலரன்ஸ் எவ்ளோ? பிளஸ் மைனஸ்?"

"ரோட்ல பிளஸ் மைனஸ் கிடையாதுங்க. எங்க தெருவுல தேர் திரும்பற வீடு எங்காத்துது. நாலு விரக்கடை வாசப்படி வெளிய வந்தா, தேரே அதை எடுத்துண்டு போயிடும். அங்க வளர்ந்தவன் நான்."

தானியேலுக்கு அவரை மிகவும் பிடித்துப் போயிற்று. இருபத்தாறு வருடத்தில் சகித்துக்கொள்ளும் அளவே இல்லாத ஒரு மனிதரை அவர் சந்தித்ததில்லை.

மதிலை அளந்துகொண்டே வந்த ஸ்ரீராமன் கெபி முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றினார். அளக்காமல் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"இதை நான் எழுதலை. மதில் மட்டும் உள்ளே தள்ளுங்கோ, இது நீங்கலாகன்னு போட்டுடறேன். சாமி இருக்கற இடத்துல கை வெச்சு, நாளைக்கு யாராவது பெட்டிஷன் போட்டா, என்னைத் தூக்கி எங்கேயாவது அடிச்சுடுவா."

"அதுவும் ரோட்லதான் சார் கீது," என்றார் தானியேல். சொன்ன பிறகுதான் பின்னால் மனைவி நிற்பது தெரிந்தது.

ஸ்ரீராமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆரோக்கியமேரி கெபியின் கண்ணாடிக் கதவை முந்தானையால் துடைத்தாள். தேவையில்லாமல் இன்னொரு முறை துடைத்தாள்.

"சார் நீங்கலாகன்னுல்லாம் எழுத வோணாம் சார்," என்றாள். "கல்யாணத்துக்கு நான் இவுங்ககிட்டதான் வேண்டிக்கினு கீறேன். ரோட்ல நிக்க வெச்சுட்டு வேண்டிக்கினா எப்படிக் கேப்பாங்க? உள்ள கூட்டினு வந்துடறோம். எழுதுங்க."

ஸ்ரீராமன் எழுதினார். மதில், கேட், கெபி மூன்றையும் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, போட்டோ ஏற்றினால் அனுமதி. கிளம்பும்போது தானியேல் அவர் காதோடு கேட்டார்: "மத்த ஊடுங்க சார்?"

"விண்ணப்பம் போட்டவா யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப நான் பார்க்க வந்தது உங்க வீட்டைத்தானே." ஸ்கூட்டர் போய்விட்டது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் தெருவின் முகம் மாறியது. இரண்டு மாதமாகப் பேசாதவர்கள் தோளில் கை போட்டார்கள். வேலையை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்பதில் தானியேலைவிட அவர்களுக்குத்தான் அவசரம். அந்த ஸ்கூட்டர் இந்தத் தெருவுக்கு இன்னொரு முறை வரக்கூடாது. "சித்திரை ஒண்ணு லீவுதானே, அன்னிக்கே தூக்கிடலாம்," என்றான் ஜோஷ்வா. "மதில இடிச்சிக் கட்டிக்கலாம். கெபிய இடிக்க வோணாம். அப்பிடியே முழுசா நகத்தித் தர்றேன். அறுபது டன் பிரஸ்ஸையே நகத்தியிருக்கேன், மாதா இன்னா, ஒரு டன்னு இருப்பாங்களா?"

"வெயிட்ட பத்திப் பேசாத," என்றாள் ஆரோக்கியமேரி.

ஏப்ரல் 14, திங்கட்கிழமை. குப்பம்மாள் எல்லோருக்கும் பொங்கல் வடை போட்டாள், எண்ணாமல் போட்டாள். மதிலைப் பத்தரை மணிக்குள் இடித்துவிட்டார்கள். பின்னால் புதுக் கான்கிரீட் மேடை மூன்று நாள் முன்பே போட்டுத் தயாராக இருந்தது. அன்புசெல்வன் கட்டிங் மிஷினால் கெபியின் அடியை அறுத்தார். ஜோஷ்வா அடியில் இரும்புத் தகடு செருகி, ஜாக்கி வைத்து உயர்த்தி, நான்கு குழாய்களை உருளை மாதிரி நுழைத்தான். ஆறு பேர் கடப்பாரையோடு தெருப்பக்கம் நின்றார்கள். தானியேல் ஒரு பக்கம் ரசமட்டத்தையும் இன்னொரு பக்கம் டேப்பையும் பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தார்.

"மேரிக்கா, நாங்க ஒரே சமயத்துல நெம்பணும். ஒரு தாளம் வோணும்," என்றான் ஜோஷ்வா.

ஆரோக்கியமேரியிடம் செபமாலை தயாராக இருந்தது. அவள் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்குவாள். முடிகிற இடத்தில் ஆறு பேரும் "ஆமென்" என்று ஒரு நெம்பு நெம்புவார்கள். ஒரு ஆமெனுக்கு ஒரு சென்டிமீட்டர். அவ்வளவு துல்லியமாகக் கம்பெனியில்கூடத் தானியேல் பார்த்ததில்லை. இந்துப் பையன்கள் இரண்டு பேர் செபமாலையின் பத்தாவது மணிக்குள் மந்திரத்தையே மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

பத்துப் பத்தாக எண்ணும் செபமாலையில் மூன்றாவது பத்து முடிகிற சமயம் தெருமுனையில் ஆட்டோ நின்றது. அந்தோணியும் ஏஞ்சலினும் இறங்கினார்கள். லீவு நாளாயிற்றே, மாடி அறைக்கான பேப்பர் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார்கள். வீட்டுக்கு மதில் இல்லை. கேட் தரையில் படுத்திருந்தது. மாதா உருளைகள் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"சம்பந்தி," என்றார் அந்தோணி, வார்த்தை தேடி. "மேல கட்டறதுக்குத்தானே பர்மிசன் கேட்டீங்க?"

"அதான் சம்பந்தி, கீழயிருந்து ஆரம்பிச்சிக் கீறோம்," என்றார் தானியேல், ரசமட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "முப்பத்தாறு... முப்பத்தேழு... முப்பத்தெட்டு. போதும்! நிறுத்துங்க!"

ஆரோக்கியமேரி நிறுத்தவில்லை. நான்காவது பத்தில் எட்டு மணிகள்தான் உருண்டிருந்தன. பத்தைப் பாதியில் விடுகிற வழக்கம் அவளிடம் கிடையாது. "அருள் நிறைந்த மரியே" என்று தொடர்ந்தாள். ஆமென் வந்தது. பழக்கத்தில் ஆறு கடப்பாரையும் நெம்பின. இன்னொரு ஆமென். நாற்பதில் வந்து நின்றது.

"ரெண்டு சென்டி ஜாஸ்தி போயிடுச்சு," என்றார் தானியேல் தீனமாக. "ரெண்டு பின்னால தள்ளணும்."

"மாதாவ ரோட்டுப் பக்கம் தள்ளுவியா நீ?" என்றாள் ஆரோக்கியமேரி.

ஆறு பேரும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்கள். தானியேல் டேப்பைப் பார்த்தார். உள்ளேதான் இருக்கிறது, சொந்த மண்ணில்தான் இருக்கிறது. பாக்கெட் நோட்டை எடுத்து "பிளஸ் 2" என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டார். வாழ்க்கையில் அவர் விட்டுக்கொடுத்த இரண்டு சென்டிமீட்டர் அவைதான்.

ஏஞ்சலின் இதற்குள் ஜெனிபரிடம் முழுக் கதையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நேராக மாமனாரிடம் வந்தாள்.

"மாமா, மேல ரூம்பு எத்தினிக்கு எத்தினி?"

"பத்துக்குப் பன்னெண்டும்மா."

"டேப்பு எது?"

தானியேல் காட்டினார். அவள் முனையை இழுத்து, பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று பார்த்தாள். பிறகு அன்புசெல்வனைக் கூப்பிட்டாள். "அண்ணே, இனிமே இந்த ஊட்ல யாராச்சும் ஒருத்தருதான் கூட்டணும். நீங்க கூட்டுனா மாமா கூட்டக் கூடாது. மாமா கூட்டுனா நீங்க கூட்டக் கூடாது. யாரு?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் காட்டினார்கள்.

"ஸ்டோர்ல நான் தெனம் இதத்தான் பண்றேன். நானே எழுதி வெச்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டு அவள் டேப்பைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். குப்பம்மாள் கரண்டியால் அண்டாவில் ஒரு தட்டுத் தட்டினாள். "தானியேலு, உனுக்கு மேல ஒரு இன்ஸ்பெக்டர் வந்துட்டாம்மா!"

சிரிப்பு அடங்கியதும் ஸ்டீவன் மெல்ல வந்தான். "மாமா, பேப்பரு இன்னும் வரல. ஆனா எல்லாம் முடிஞ்சாப்பலதான். ஓலைக்கு லெட்டரு..."

அந்தோணி இடிந்த மதிலையும் வியர்வையில் நின்ற தானியேலையும் பார்த்தார். ஒரு வடையை எடுத்துப் பிட்டார்.

"மாப்ள, எங்க ஊட்ல அதிகாரி வந்து நோட்டீஸ் ஒட்டுனான். இங்க உங்கப்பா தனக்குத்தானே ஒட்டிக்கினு கீறாரு. எனுக்கு மரியாதை ஜாஸ்திதான் ஆவுது. ஆனா மைக்ல கேட்டவங்க இன்னும் உயிரோடதான் கீறாங்க. பேப்பரு வரட்டும்."

"நைனா!" என்றாள் ஏஞ்சலின்.

"பேப்பரு வரட்டும்."

அன்று மாலைக்குள் மதிலை உள்ளே தள்ளி எழுப்பி, கேட்டையும் மாட்டினார்கள்; லோகு போட்டோக்களை ஏற்றினான். போட்டோவில் தெருவின் மற்ற சுவர்கள் விழாதபடி எடுக்கத் தெருவே சேர்ந்து கோணம் சொல்லிக் கொடுத்தது. ஈஸ்டர் வந்து போனது. திங்கட்கிழமை எதுவும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை சர்வர் வேலை செய்யவில்லை. ஸ்டீவன் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு லோகுவின் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தான். புதன்கிழமை மதியம் லோகுவின் பிரிண்டர் இரண்டு பக்கங்களைத் துப்பியது. ஸ்டீவன் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பைக்கில் நேரே மணவாள நகருக்குப் போனான். அந்தோணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசித்தார். "இடித்து" என்கிற சொல் எங்கும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் கிளம்பினார்.

ஏப்ரல் 27ஆம் தேதி முதல் ஓலை வாசிக்கப்பட்டது. மூன்று ஞாயிறுகளிலும் தடை எதுவும் தெரிவிக்கப்படவில்லை. மே 14ஆம் தேதி காலை பத்து மணிக்குத் திருமணம் நடந்தது. தெருவின் மற்ற பதினொரு வீட்டுக்காரர்களில் இதுவரை ஒருவரும் கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கவில்லை. ஏழாம் எண் வீட்டு மாடி அறையின் தளத்துக்கு ஜூன் 9ஆம் தேதி, திங்கட்கிழமை, கான்கிரீட் போட்டார்கள்.